சுவரில் தொங்கிய காயல் அட்டவணை



காயல்பட்டினத்தில் மணமான பெண் புகுந்த வீட்டுக்குச் செல்வதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆண்கள் ஹாங்காங்குக்கும் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் பிழைப்புத் தேடிச் செல்வது எங்கள் ஊரில் ஒரு செய்தியே அன்று. ஆனால் மணமான மூன்றாம் மாதத்தில், வங்கிப் பணி மாறுதலால் நாங்கள் இருவரும் கொடைக்கானலுக்குக் குடிபெயர்கிறோம் என்றதும், கடல் கடந்து போகிறவர்களைப் பார்ப்பது போல் உறவினர் பார்த்தனர். மகளுக்கென்று மாடியில் அறை கட்டி வைத்திருந்த உம்மா எதுவும் சொல்லவில்லை. மாசியும் புழுங்கலரிசியும் மூட்டை கட்டி, மேலே எங்கள் ஊர்த் தொழுகை நேர அட்டவணையைச் சுருட்டி வைத்தார்.

நாங்கள் மலையேறியது ஜனவரி மாதம். உம்மா கொடுத்த அரிசி வேகவில்லை. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பது பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். பானையின் முன் பசியோடு நின்றபோதுதான் புரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “குக்கர் இல்லாம இங்க குடித்தனம் பண்ண முடியாதும்மா” என்றார். குளிருக்காகக் கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள், அதன் நச்சுப்புகை உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும் என்று எச்சரித்தவரும் அவரே. அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

மதரஸாவில் ஓதிய காலத்தில் ஏட்டோடு நின்றுவிட்ட ஒரு சட்டம் இங்கே உயிர் பெற்றது. பஜ்ருக்கு ஒளூச் செய்யும்போது கால் விறைத்துப்போகும். தோலால் ஆன காலுறையின் மீது மஸ்ஹு செய்யலாம். உள்ளூர்வாசிக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும். நாங்கள் யார்? நான்கு நாட்கள் தங்குவதாக நிய்யத் வைத்துவிட்டால் ஷாஃபிஈ மத்ஹபில் பயணச் சலுகை இல்லை. ஆக, நாங்கள் உள்ளூர்வாசிகள். ஆனால் சுவரில் தொங்கியது காயல் அட்டவணை.

மாலை நடையில் சூரிய ஆய்வகச் சாலைப் பக்கம் போவோம். 1907இல் ஜான் எவர்ஷெட், மேரி எவர்ஷெட் என்ற ஆங்கிலத் தம்பதியர் அங்கே வந்து சேர்ந்தனர். மணமாகி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. வயதோ இருவருக்கும் நாற்பதை ஒட்டியது. சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் ஜான் கண்டறிந்தார். வானியலாளரான மேரியும் இங்கிருந்தே ஆய்வு செய்தார். 1923 வரை இம்மலையில் இருந்தனர். அவர்கள் அடுப்படியில் என்ன பாடுபட்டார்களோ என்று எங்களுக்குள் பேசிச் சிரித்ததுண்டு.

மார்ச்சில் ரமலான் வந்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் உம்மா தொலைபேசியில் அழைப்பார். அவர் வீட்டு முற்றத்தில் கேட்கும் பாங்கு எங்கள் அடுக்களையிலும் கேட்கும். மூவரும் ஒன்றாகப் பேரீச்சம்பழத்தை வாயில் இடுவோம். வெளியே மேகம் மூடிக் கிடக்கும்; சூரியன் இருந்த இடமே தெரியாது. ஐந்தாம் நாள் மேகம் விலகியது. பாங்கு ஒலித்தது, பழம் கையில் இருந்தது, மேற்கே முகட்டின் மேல் சூரியனின் விளிம்பும் இருந்தது.

பள்ளிவாசலில் ஹழ்ரத்திடம் கேட்டோம். மேற்கே ஒரு பாகை நகர்ந்தால் சூரியன் நான்கு நிமிடம் பிந்தி மறையும். காயலைவிட இவ்வூர் பாகையில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக மேற்கே உள்ளது என்று விளக்கினார். முதல் நான்கு நோன்புகளையும் களாச் செய்யச் சொன்னார். கடிந்துகொள்ளவில்லை, இவ்வூர் அட்டவணை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

நான்கு நோன்பு எங்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. உம்மாவிடம் சொல்வதுதான் பெரிதாக இருந்தது. அவருடைய பாங்குக்கு இனி நாங்கள் நோன்பு திறக்க முடியாது என்பதை யார் சொல்வது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் கடத்தினோம். அழைப்பு வரும்போது பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். மூன்றாம் நாள் உம்மாவே கேட்டார்: “என்ன, நோன்பு திறக்கலையா?” சொன்னோம். சற்று நேரம் பதில் இல்லை. “அப்ப நான் தொறந்துட்டுக் கூப்பிடுறேன். மஃரிபைப் பிந்த விடாதீங்க” என்றார்.

பெருநாள் கழிந்து உம்மா மலைக்கு வந்தார். வளைவுகளில் தலைசுற்றி, வந்த அன்று முழுவதும் படுத்தே இருந்தார். மறுநாள் குக்கரில் வெந்த சோற்றை உண்டுபார்த்து, உப்புக் குறைவு என்றார். புறப்படும் காலையில் சுவரின் முன் நின்று, “இந்த ஊரு அட்டவணை இன்னொண்ணு கிடைக்குமா, தம்பி?” என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். பள்ளிவாசலுக்கு நடந்துபோய் வாங்கி வந்தோம். அது இப்போது காயலில், எங்களுக்கென்று கட்டிய மாடி அறையில் தொங்குகிறது.