நாரி நோகுது

டூங்காபி, சிட்னி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வந்து மூன்று வாரம் ஆச்சு. நம்மூரில் ஆடிக் காற்று அடிக்கிற நேரம், இங்கே நான் இரண்டு கம்பளிக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம். சம்பந்தியம்மாவுக்குத்தான் உடம்பு கொஞ்சம் படுத்துகிறது.

போன வியாழக்கிழமை அவர்களை டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு இங்கே போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தருகிறார்கள், காசு கிடையாது. டாக்டர் ஸ்பீக்கரில் போட்டார். "தம்பி, எனக்கு நாரி நோகுது" என்றார் சம்பந்தியம்மா. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "எது வலிக்குதுங்கம்மா?" என்று ஒரு பையன் குரல். "நாரி, நாரி. குனிஞ்சா நிமிரேலாது." மறுபடி அமைதி. "ங்க" போட்ட விதத்திலேயே பையன் கோயம்புத்தூர்ப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. நான் பொறுக்கமாட்டாமல், "இடுப்பு தம்பி, இடுப்பு!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். அப்புறம்தான் அந்த வலி ஆங்கிலமாகி டாக்டரிடம் போய்ச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் இடுப்புக்கு நாரி என்று பேர், அண்ணாச்சி. எனக்கே சம்பந்தம் பண்ணிப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும்.

வெளியே வந்ததும் ஒரு படிவம் கொடுத்தார்கள். வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு கட்டம். மகள் யோசிக்காமல் 'தமிழ்' என்று எழுதினாள். எனக்குத்தான் அந்தக் கட்டம் மனசில் ஒட்டிக்கொண்டது. கணக்கெடுப்புக்கு அலைந்த கால் இல்லையா.

இந்த வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணுங்கள். சின்னப் பேரனுக்கு ஒன்பது வயது. காலையில் பின்கதவுச் சாவியைக் காணோம் என்று தேடினான். அப்பம்மாவிடம் போய், "திறப்பு எங்க?" என்றான். அடுப்படியில் நின்ற அம்மாவிடம், "சாவியப் பாத்தியாம்மா?" அக்காவின் அறைக் கதவைத் தட்டி அதையே ஆங்கிலத்தில் கேட்டான். ஒரு நிமிஷத்துக்குள் மூன்று ஊர் போய்வந்துவிட்டான். அவனுக்கு அது வித்தையாகவே தெரியவில்லை. ஆளுக்குத் தகுந்த வார்த்தை, அவ்வளவுதான்.

பெரியவள் கதை வேறு. பதினாலு வயது. நாம் பேசுவது அத்தனையும் புரியும், ஒன்றுவிடாமல். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அவளுக்கும் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போன காலம் ஒன்று உண்டு. இந்த மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்விலேயே தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். எடுப்பாளா என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறாள்.

2021 ஆகஸ்டில் இங்கே கணக்கெடுப்பு நடந்தது. அதற்கு முன்னால், வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி 'பேசுகிறாரா' என்று கேட்டு வந்தார்கள். அந்த வருஷம் 'பயன்படுத்துகிறாரா' என்று மாற்றினார்கள், சைகை மொழிக்காரர்கள் விட்டுப்போகக் கூடாது என்று. நம்ம பெரியவளுக்கும் அது தோதாகப் போயிற்று. பேசவில்லை, காதால் பயன்படுத்துகிறாள்! ஒருவருக்கு ஒரு மொழிதான் எழுதலாம். இரண்டு மூன்று இருந்தால் அதிகம் புழங்குவது. மகள் ஐந்து பேருக்கும் தமிழ் என்றே எழுதியிருக்கிறாள். அந்த வருஷம் ஆஸ்திரேலியா முழுக்க வீட்டில் தமிழ் என்று எழுதியவர்கள் 95,404 பேர். அதற்கு ஐந்து வருஷம் முன்னால் 73,161. அந்த எண்ணிக்கைக்குள் இந்த வீட்டுப் பெரியவளும் இருக்கிறாள். நாரியும் இடுப்பும் ஒரே மூட்டையில் கிடக்கின்றன.

இடது பக்க வீட்டுக்காரர்களுக்கு ஒரு கட்டம் பத்தவே பத்தாது. மாமியார் குஜராத்தி, மருமகள் பஞ்சாபி. இருவரும் சண்டை போடுவதும் சமாதானமாவதும் ஹிந்தியில். அது இரண்டு பேருக்குமே சொந்தம் கிடையாது. பிள்ளைகள் ஆங்கிலம். வலது பக்கம் நேபாளிக் குடும்பம். அந்த வீட்டுத் தாத்தா தினம் வேலியோரம் நின்று எனக்கு வணக்கம் வைக்கிறார். அவருக்கும் எனக்கும் பொதுவாக நாலைந்து ஹிந்தி வார்த்தை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மூட்டுவலி, பேரன், குளிர் எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுகிறோம்.

அடுத்த ஸ்டேஷன் பெண்டில் ஹில். அங்கே இலங்கைக்காரர் கடையில் ஒடியலும் பனங்கட்டியும் கிடைக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் போட்ட பாதை. நம்ம கம்ப்யூட்டர் பிள்ளைகள் வந்தது பின்னால்தான். கல்லாவில் இருந்த பெண் என்னிடம், "இந்தியாவோ?" என்றாள். நான் "டீத்தூள்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். 'தேயிலை' என்று கேட்டிருக்க வேண்டும் போல.

டூங்காபி என்ற பேர் எந்த மொழி என்று விசாரித்தேன். தாரக் என்ற பழங்குடிகள் இந்த மண்ணுக்கு உரியவர்கள், அவர்கள் மொழி. 1791-லேயே வெள்ளைக்காரர்கள் கைதிகளைக் கொண்டுவந்து இங்கே பண்ணை போட்டார்கள். பக்கத்து ஊர் பாரமட்டாவும் அதே மொழிதான். விலாங்கு மீன் கிடக்கும் இடம் என்று அர்த்தமாம். ரயில் பலகையில் தினம் வாசிக்கிறேன். ஆனால் இந்தத் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் அந்த மொழி கேட்கவில்லை. இப்போது சிலர் அதைத் தேடி எடுத்துப் படிப்பிக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார்.

அண்ணாச்சி, இதையெல்லாம் பார்க்கிறபோது 2001 பிப்ரவரி ஞாபகம்தான் வருகிறது. கோவில்பட்டித் தெருக்களில் நீங்கள் படிவத்தைப் பிடிக்க, நான் பேனாவைப் பிடித்து அலைந்தோமே. நம்ம படிவத்தில் கேட்டது தாய்மொழி. அதாவது, சின்ன வயசில் அம்மா என்ன பேசினாள் என்று. தெரிந்த மற்ற மொழிகளுக்குத் தனியாக இரண்டு இடம் விட்டிருந்தார்கள். இங்கே உள்ளதைவிட அதுவே தேவலை என்று இப்போது படுகிறது. ஒரு தீப்பெட்டி ஒட்டுகிற வீட்டில், உள்ளே பிள்ளைகளைத் தெலுங்கில் விரட்டிவிட்டு வாசலுக்கு வந்த அந்தப் பெரியம்மா, "தமிழுன்னே போட்டுக்கோங்க சார், எதுக்கு வம்பு" என்றார்கள். நான் சரி என்றேன். காதால் கேட்டதை விட்டுவிட்டு வாயால் சொன்னதை எழுதுவதா என்று நீங்கள் முறைத்தீர்கள். வேப்பமரத்தடியில் நின்று கால்மணி நேரம் வாதாடினோம்.

கடைசியில் என்ன எழுதினோம்? எனக்கு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பதில் போடும்போது மறக்காமல் எழுதுங்கள். மதினியிடம் கேட்டதாகச் சொல்லுங்கள். சம்பந்தியம்மாவுக்கு இப்போது நாரி பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் தம்பி