40 லிட்டர் குடித்தனம்

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிப் போட்ட அன்று அம்மா கேட்டது: "ஏண்டா, நல்லாருக்குற வீட்ட விட்டுட்டு வண்டியிலயா குடித்தனம் பண்ணப் போற?" பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

கூரையில் 200 வாட் சோலார் பேனல். உள்ளே 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி. பெருக்கினால் 1,280 வாட்-அவர். இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் காலி. அதனால் சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர்தான். ஃபேன், விளக்கு, லேப்டாப் மட்டும் வெயில் தயவில்.

சுவருக்குள் தென்னை நார் அடைத்தேன். இயற்கைப் பொருள் என்று பீற்றல் வேறு. வால்பாறை மழையில் நாங்கள் இருவரும் ஒரு வாரம் நின்றோம். படுக்கைப் பக்கம் ஏதோ வாடை. பலகையைக் கழற்றிப் பார்த்தால் தகரத்தின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருக்கிறது, நாரெல்லாம் சாம்பல் பூஞ்சை. மழை உள்ளே வரவில்லை. நாங்கள் விட்ட மூச்சும் சோறு வடித்த ஆவியும்தான் குளிர்ந்த தகரத்தில் தண்ணீராகியிருக்கின்றன. பிறகுதான் கூரையைத் துளைத்து ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தேன்.

இரண்டு பேருக்கு நாளுக்கு 40 லிட்டர் தண்ணீர். அரிசி கழுவியதில் தட்டு அலசல், குளியல் முக்கால் வாளி.

டீசலை மட்டும் ஒழிக்க முடியவில்லை. லிட்டருக்கு சுமார் 2.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதனால் மாதத்துக்கு இரண்டே ஊர்.

அடுத்த மாதம் அம்மா வருகிறாராம். கக்கூஸ் எங்கே என்று இன்னும் கேட்கவில்லை.