“கூட யார் இருப்பாங்க?” - சினிமா கேட்காத ஒரு கேள்வி

திருவள்ளூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனவரிடம், வீட்டுக்காரம்மா முதலில் கேட்டது அட்வான்ஸைப் பற்றி இல்லை.

“கூட யார் இருப்பாங்க?”

“அம்மா இருப்பாங்க.”

“ஆம்பளைங்க?”

இல்லை என்றதும், “ஃபேமிலிக்குத்தாம்மா விடுறதா இருக்கோம்” என்ற பதிலோடு கேட் மூடிக்கொண்டது. ஒரே மாதத்தில் இது மூன்றாவது கேட்.

அவருக்கு வயது 39. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. விடிந்ததும் கனகம்மாசத்திரத்தில் பஸ் ஏறி, திருவள்ளூரில் இறங்கி, மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டும். 17 வருட ஓட்டம். தம்பியின் படிப்பும் தங்கையின் கல்யாணமும் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவும் இந்த ஓட்டத்தில்தான் நடந்தன. கல்யாணமே வேண்டாம் என்று அவர் சபதம் எதுவும் எடுக்கவில்லை. வந்த வரன்கள் வேலையை விடச் சொன்னார்கள். அவர் விடவில்லை. அவ்வளவுதான் கதை, சீரியலுக்குத் தேறாது.

ஆனால் ஊரில் பெரியவர்கள் அவரைப் பார்த்தால், “அப்படியே ‘அவள் ஒரு தொடர்கதை’ சுஜாதாதான்” என்பார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். அவருக்குத்தான் அது பிடிப்பதில்லை.

1974-ல் வந்த பாலசந்தர் படம் அது. கவிதாவின் சம்பளத்தில்தான் மொத்தக் குடும்பமும் சாப்பிடும். குடிகார அண்ணன், அவன் பிள்ளைகள், விதவைத் தங்கை, பார்வையற்ற தம்பி என்று வீடு நிறைய ஆட்கள். கடைசியில் தன் கல்யாணத்தையும் தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடியும் வேலைக்குக் கிளம்புவாள். ரித்விக் கட்டக்கின் வங்காளப் படம் தந்த பாதிப்பு அதில் உண்டு. இரண்டே வருடத்தில் பாலசந்தரே அதைத் தெலுங்கில் ‘அந்துலேனி கதா’வாக எடுத்தார். ஜெயப்பிரதாவும் ரஜினியும் நடித்தார்கள். 1960-ல்தான் ஆந்திராவிலிருந்து பிரிந்து வந்த திருத்தணிப் பக்கத்துக்கு இரண்டு மொழியும் சொந்தம். எந்த மொழியில் பார்த்தாலும் கவிதாவுக்கு முடிவு ஒன்றுதான்.

அவருடைய எரிச்சலில் நியாயம் இருக்கிறது. தனியாக வாழும் பெண்ணை நம் சினிமா ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதற்கு ஒரு விலை கேட்கும். அவள் யாருக்காகவாவது எதையாவது இழந்திருக்க வேண்டும். ‘மனதில் உறுதி வேண்டும்’ (1987) படத்தில் நர்ஸாக வரும் சுஹாசினி, விவாகரத்தான கணவனுக்கே சிறுநீரகம் கொடுப்பார். நல்லவள் என்று நிரூபிக்க இன்னும் எதைத்தான் கொடுப்பது?

இந்த விலை கேட்கும் பழக்கம் சினிமாவோடு தொடங்கியதும் இல்லை. கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில்தான் திருவாலங்காடு இருக்கிறது. கணவன் பயந்து விலகிப் போன பிறகு, தன் அழகையே உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த தலம். அறுபத்து மூவரில் இருக்கும் மூன்று பெண்களில் ஒருவர். தனியாக நடமாட அவருக்கே உடம்பை உதற வேண்டியிருந்தது. 1973-ல் வந்த ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் இளவயதுப் புனிதவதியாக நடித்தவர் லட்சுமி. அதே லட்சுமிதான் சில வருடங்களில் ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ கங்காவாக வந்து தேசிய விருதும் வாங்கினார். கங்கா உத்தியோகம் பார்க்கிறாள், சம்பாதிக்கிறாள். ஆனால் மழை நாளில் அவளுக்கு நடந்த அந்த ஒரு சம்பவத்தை வைத்துத்தான் ஊர் கடைசிவரை அவளை அளக்கிறது.

டி.வி? ‘கோலங்கள்’ அபியை மறக்க முடியாது. 2003-லிருந்து 2009 வரை தேவயானி கட்டுமானத் தொழில் நடத்தினார், விவாகரத்து வாங்கினார், வில்லன் ஆதியோடு மோதினார். ஆறு வருடத்தில் அபி நிம்மதியாக ஒரு காபி குடித்த எபிசோடு எத்தனை என்று ரசிகர்கள்தான் சொல்ல வேண்டும்!

விதிவிலக்குகளும் உண்டு. ‘மறுபடியும்’ (1993) ரேவதி, துரோகம் செய்த கணவனையும் ஏற்காமல், அன்பாக வந்த நண்பனையும் கைப்பிடிக்காமல் தன் வழியில் நடப்பார். ‘அறம்’ (2017) படம் திருவள்ளூர் மாவட்டத்துக் கதை. ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்கப் போராடும் கலெக்டர் மதிவதனியாக நயன்தாரா. அவருக்குக் கல்யாணம் ஆனதா, இல்லையா என்று படம் அலட்டிக்கொள்வதே இல்லை. “எனக்குப் பிடிச்சதே அதுதான்” என்கிறார் அவர். கலெக்டர் என்பதால் கேட்கவில்லையோ என்றும் ஒரு சந்தேகம் அவருக்கு உண்டு. கணக்குப் பிரிவு கிளார்க்கை விடுவார்களா என்ன?

மூன்றாவது கேட் மூடிய அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அம்மாவும் மகளும் மொபைலில் ‘அவர்கள்’ (1977) பார்த்தார்கள். மறுபடியும் பாலசந்தர், மறுபடியும் சுஜாதா. ரஜினி, கமல், ரவிகுமார் மூன்று பேரையும் விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு ரயில் ஏறுவாள் அனு. அதே ரயிலில் மாமியாரும் துணைக்கு வந்து சேர்ந்துகொள்வாள். படம் முடிந்தது.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏண்டி, ரெண்டு பொம்பளை, ஒரு கைக்குழந்தை. இறங்குற ஊர்ல இவங்களுக்கு யாரு வீடு விட்டிருப்பா?”

“அதைக் காட்டலையேம்மா.”

“காட்டியிருக்கணும்” என்றவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அடுத்த வாரம் வீடு பார்க்க நானும் வர்றேன். நான்தான் பேசுவேன், நீ வாயைத் திறக்காதே” என்றபடி விளக்கை அணைத்தார்.