அல்மா எப்படிப்பட்டவள்?

கடந்த மாரியில் ஓர் இரவு, வழமைபோல அறிக்கை எழுதிக் களைத்துப்போய், நண்பி ஒருவர் தந்த இறுவட்டைப் போட்டுப் பார்த்தேன். 1980இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட ‘பிளேயிங் ஃபோர் டைம்’ என்ற படம். கதைவசனம் ஆர்தர் மில்லர். போலந்து மண்ணில் நாசிகள் நடத்திய அவுஷ்விட்ஸ்-பிர்கெனாவ் வதைமுகாமில், இசைக்குழுவில் இருந்த கைதிப் பெண்களைப் பற்றியது.

பாரிஸில் பாடகியாக இருந்த ஃபானியா ஃபெனெலோன் 1944 ஜனவரியில் அங்கு கொண்டுவரப்பட்டவர். பாடத் தெரிந்ததால் உயிர் தப்பினார். அவராக நடித்த வனெஸா ரெட்கிரேவ் தலையை மழித்துக்கொண்டே நடித்தார். (ஃபானியாவுக்கு அவர் நடிப்பதில் விருப்பமிருக்கவில்லை. அது வேறு கதை.) காலையில் கைதிகள் வேலைக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் வாயிலருகே அணிநடை இசை வாசிப்பதுதான் இந்தப் பெண்களின் பிரதான வேலை. நிற்கவே இயலாதவர்களும் அந்தத் தாளத்துக்கு நடக்கவேண்டும். வாசிப்பவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குழுவை நடத்தியவர் அல்மா ரோஸே. வியன்னாவைச் சேர்ந்த வயலின் கலைஞர், இசைமேதை மாலரின் சகோதரியின் மகள். படத்தில் அவர் ஈரமில்லாத பெண்ணாகவே வருகிறார். பிழை விட்டால் அடி. அவர்மீது எனக்கு வெறுப்பே வந்தது.

பிறகு தேடி வாசித்தபோதுதான் அந்த வெறுப்பு ஆட்டங்கண்டது. படத்துக்கு அடிப்படை ஃபானியா 1976இல் வெளியிட்ட நூல். அதே குழுவில் செலோ வாசித்த அனிதா லாஸ்கர்-வால்ஃபிஷ் உட்படத் தப்பிய பலர், அல்மாவை அதில் காட்டிய விதத்தைக் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். வாசிப்பு மோசமானால் குழுவுக்கு என்ன நடக்கும் என்பது அல்மாவுக்குத் தெரியும், அந்தக் கண்டிப்பால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பது அவர்கள் பக்கம். அல்மா பதில் சொல்ல இருக்கவில்லை. 1944 ஏப்ரலில், 37 வயதில், முகாமிலேயே நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். ஃபானியாவும் அனிதாவும் 1945 ஏப்ரல் 15இல் பெர்கன்-பெல்சன் முகாமில் விடுவிக்கப்பட்டார்கள்.

எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. காரணம் என் மேசையில் கிடந்த ஒரு கோவை.

2009இல் சிறுமியாக இடம்பெயர்ந்த ஒரு பெண் (அவளது சம்மதத்துடன்தான் எழுதுகிறேன்) தன் தாயைப் பற்றி என்னிடம் சொல்லியிருந்தாள். வழியெல்லாம் தடியால் அடித்தாராம், ஒரு நல்ல வார்த்தை பேசவில்லையாம். தாய் இப்போது இல்லை. ‘தாயின் வன்முறைக்கு உள்ளானவர்’ என்று எழுதிவிட்டேன். சமூகவியல் படித்தவளுக்கு அப்படியான சொற்கள் சுலபமாக வரும். பிறிதொரு நாள் அவளின் பெரியம்மாவிடம் பேச்சுக்கொடுத்தபோது அவர் சொன்னார்:

“பிள்ளை, அவ அடிக்காட்டி இதுகள் அந்த ரோட்டிலயே படுத்திருக்குங்கள். பின்னால செல் விழுகுது, இதுகள் நித்திரை தூங்குதுகள். நான் என்ர ஒண்டை அடிக்கேல்லை.”

அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மகள் பொய் சொல்லவில்லை. அவளின் முதுகு அவளுக்குத்தானே தெரியும். அதனால் அவள் சொன்னதில் ஓர் எழுத்தையும் நான் வெட்டவில்லை. என் தலைப்பை மட்டும் அடித்துவிட்டு, பெரியம்மா சொன்னதை வேறொரு தாளில் எழுதி அதே கோவையில் சேர்த்தேன். அடுத்த முறை அவள் வந்தபோது இரண்டையும் வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அந்தத் தாளில ஒரு கொப்பி தாறீங்களா அக்கா?” என்று கேட்டாள்.