யாரும் தெரியாத ஊர்

எங்கள் ஊர்ப்பக்கம் கணவனும் மனைவியும் மட்டும் சேர்ந்து ரோட்டில் நடப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். கல்யாண வீடு, துக்க வீடு, டாக்டர், ஆண்டாள் கோயில். இந்த நான்கில் ஒன்று இல்லையென்றால் எதிரே வருகிறவர் வண்டியை நிறுத்திவிடுவார். “என்ன, ரெண்டு பேருமா கிளம்பிட்டீங்க? வீட்ல யாருக்கும் முடியலையா?” அக்கறையாகத்தான் கேட்பார். நம்மிடம்தான் பதில் இருக்காது. சும்மா நடப்பது என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்கள் தனியாகச் செய்கிற காரியம்!

அதனால்தானோ என்னவோ, கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து, 2019 டிசம்பரில், நானும் மனைவியும் மட்டும் முதல்முறையாக வெளியூர் கிளம்பியபோது நேராக சிங்கப்பூருக்கே போய்விட்டோம். நான்கு நாள் பேக்கேஜ் டூர். மகளை அம்மாவிடம் விட்டாயிற்று.

நான் பி.காம். படித்தவன். பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி நோட்டு இருந்தது. அப்போது ஒரு சிங்கப்பூர் டாலர் நம்மூர்க் காசுக்கு ஐம்பத்திரண்டு ரூபாய் சொச்சம். டீ குடித்தால் பெருக்கு. பஸ் ஏறினால் பெருக்கு. இரண்டாம் நாளே மனைவி சொல்லிவிட்டாள்: “ஏங்க, ஒண்ணு டீயக் குடிங்க, இல்ல கணக்க எழுதுங்க. ரெண்டையும் சேர்த்துச் செஞ்சா பக்கத்துல இருக்கறவளுக்குக் கசக்குது.”

பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தோம். வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சும் மெர்லயன் சிங்கம். மூன்று கட்டடங்களின் தலையில் ஒரு கப்பலைத் தூக்கி வைத்த மாதிரி மெரினா பே சாண்ட்ஸ். சிராங்கூன் ரோட்டில் 1855-ல் உருவான சீனிவாசப் பெருமாள் கோயில். அங்கே ஆண்டாளைப் பார்த்ததும் மனைவிக்கு ஏக சந்தோஷம். “நம்ம ஊர்ப் பொண்ணு நமக்கு முந்தி வந்துட்டா பாருங்க. விசாகூட இல்லாம!”

மூன்றாம் நாள், ‘கார்டன்ஸ் பை தி பே’ என்று 2012-ல் திறந்த பிரமாண்டமான தோட்டம். அதில் ‘கிளவுட் ஃபாரஸ்ட்’ என்று ஒரு கண்ணாடி மாளிகை. உள்ளே ஒரு செயற்கை மலை. அதன் உச்சியிலிருந்து 35 மீட்டர் உயரத்துக்கு அருவி கொட்டுகிறது. பாசி, பெரணி, ஆர்க்கிட் எல்லாம் உண்டு. மெஷின் வைத்துப் பனிமூட்டம் போடுகிறார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்த மனைவி சொன்னாள்: “நம்ம செண்பகத்தோப்புல கூரை போட்ட மாதிரில்ல இருக்கு!”

செண்பகத்தோப்பு எங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். மாந்தோப்பு, தென்னந்தோப்பு தாண்டினால் காடு. உள்ளே காட்டழகர் கோயில். சாம்பல் நிற அணிலுக்காகவே 1988-ல் சரணாலயமாக அறிவித்த வனம் அது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். சிங்கப்பூர் என்கிற நாடே சுமார் 730 சதுர கிலோமீட்டர்தான். கணக்குப்படி பார்த்தால், பெரியதை வீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சின்னதைப் பார்க்க ஃபிளைட் ஏறியிருக்கிறோம்.

“அங்க ஒரு நாளாவது நாம ரெண்டு பேரும் போயிருக்கோமா?” என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் அவளே அடுத்ததையும் சொன்னாள். “ஒண்ணு கவனிச்சீங்களா? மூணு நாளா நீங்க எனக்கு முன்னால போகவே இல்ல.”

வாஸ்தவம்தான். ரத வீதியில் எனக்கு நான்கடி பின்னால் வருகிறவள், இங்கே பக்கத்தில் நடந்துகொண்டிருந்தாள். மலையிலிருந்து இறங்கும் நடைபாலத்தில் என் கையையும் பிடித்திருந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று ராத்திரி நோட்டை விரித்தபோது ஒன்று புரிந்தது. சிங்கமும் அருவியும் இலவச இணைப்புதான். நாங்கள் காசு கொடுத்து வாங்கியது, தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத ஒரு ஊரை. அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் அம்மாவுக்குக் கோடாலி தைலம் கொடுத்துவிட்டு, மனைவி செல்போனில் படம் காட்டினாள். மேக வனத்துப் படத்தில் அம்மா நின்றுவிட்டாள்.

“ஒங்க மாமாவும் நானும் ஒரே ஒரு தடவ காட்டழகர் கோயிலுக்குப் போனோம். கல்யாணமான புதுசு. ஒரு சனிக்கிழம.”

“மலை எப்படி இருந்துச்சு அத்தை?”

“எங்க பாத்தேன்? அவரு விறுவிறுன்னு முன்னால போயிட்டாரு. நான் பின்னாலயே ஓடுனேன். அவரு முதுகுதான் ஞாபகம் இருக்கு. வெள்ளச் சட்டை... வேர்த்து ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்பா போய் எட்டு வருஷமாகிவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவருடன் போன ஒரே உல்லாசப் பயணத்தில், அவளிடம் மிஞ்சியிருப்பது ஒரு முதுகு. அப்பா கெட்டவர் இல்லை. அன்பில்லாதவரும் இல்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் நடந்தார்கள், அவ்வளவுதான். மனைவி ஒன்றும் பேசாமல் அம்மாவின் முழங்காலில் தைலத்தைத் தேய்த்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் இருவரும் செண்பகத்தோப்புக்குப் போனோம். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. மாந்தோப்பு ஓரமாக பைக்கை நிறுத்திவிட்டுச் சும்மா நடந்தோம். மலை முழுசாக வெயிலில் நின்றது. மெஷின் இல்லாத பனி உச்சியில் கொஞ்சம் பாக்கி இருந்தது. அணிலைத் தேடினோம், கண்ணில் படவில்லை.

எதிரே, எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்தார். என் கால் தன்னால் வேகமெடுத்தது. மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

அன்றைய செலவு: பெட்ரோல், நாற்பது ரூபாய்.