கோட்டைமேடும் கான்ஸ்டாண்டிநோபிளும்

கோவையில் கோட்டைமேடு என்றொரு பகுதி உண்டு. கோட்டை இன்று இல்லை. பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. அத்தெருக்களின் வழியே நாள்தோறும் செல்லும் நாம், இம்மண்ணின் விதி ஒரு காலத்தில் சென்னையிலும் மங்களூரிலும் மட்டுமன்றித் துருக்கியரின் தலைநகரிலும் பேசப்பட்டதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அயலுறவு என்பது அன்றன்றைய ஆதாயக் கணக்கு என்றே பலரும் கருதுகின்றனர். கொங்கு நாட்டின் பழங்கதை வேறு கூறுகிறது.

1769-இல் ஐதர் அலி சென்னையின் வாயிலுக்கே வந்து நின்று கும்பினியாருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் உயிரான விதி. ஆனால், மராட்டியர் மைசூர்மேல் படையெடுத்தபோது கும்பினியார் வாளாவிருந்தனர். ஐதர் அதனை மறந்தாரல்லர். 1780-இல் அவர் ஆர்க்காட்டுச் சீமையில் பெரும்படையுடன் இறங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு; 1779-இல் ஆங்கிலேயர் மாஹேயைக் கைப்பற்றியது அவற்றுள் ஒன்று. எனினும் ஆறாத புண் அந்த முறிந்த வாக்கே என்போம்.

மறுபக்கத்திலும் புண் இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் எவர் கையிலோ, அவர்க்கே மேலைக் கடற்கரையும் கீழைக் கடற்கரையும் எளிதில் இணையும். ஆகவே கோவை எப்போதும் படைகளின் வழியில் கிடந்தது. 1783 நவம்பரில் தளபதி புல்லர்ட்டன் பாலக்காட்டையும் கோவையையும் பிடித்தார். சீரங்கப்பட்டணம் நோக்கி அவர் நகரவிருந்த வேளையில் சமாதானப் பேச்சு குறுக்கிட்டது. 1784-ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கைப்படி, பிடித்த இடங்கள் திப்பு சுல்தானிடம் திரும்பின. ஆங்கிலேய அதிகாரிகள் பலர் அதனைத் தமக்கு நேர்ந்த இழிவென்றே எண்ணினர். 1790-இல் மீண்டும் போர் மூண்டதற்குத் திருவிதாங்கூர்ச் சிக்கல் உடனடிக் காரணம்; பழைய மனக்குறைக்கும் அதில் பங்குண்டு. அப்போரின் முடிவில், 1792-இல், திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். மைந்தர் இருவரைப் பிணையாக அனுப்பினார்.

திப்பு 1786-இலேயே துருக்கிக்குத் தூதுக்குழு அனுப்பியவர். வாணிக உரிமையும் படைத்துணையும் வேண்டிச் சென்ற அக்குழு, மதிப்புடன் வரவேற்கப்பட்டும் படைத்துணை பெறாமலே திரும்பியது. பின்னர் 1798 ஜூலையில் நெப்போலியன் துருக்கியருக்குரிய எகிப்தில் இறங்கினான். மூன்று திங்கள் கழியுமுன் சுல்தான் மூன்றாம் சலீம் திப்புவுக்கு எழுதினார்: பிரெஞ்சுக்காரரை நம்பாதீர், ஆங்கிலேயரோடு இணங்கிப் போவீர் என்பது அதன் சாரம். அக்கடிதம் திப்புவை அடைந்ததும் ஆங்கிலேயர் கைவழியேதான்!

மாணவர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். இருவரும் சுல்தான்கள்; ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள். ஆயினும் ஒருவர்க்கு எகிப்தின் காயம் பச்சையாக இருந்தது. மற்றவர்க்கு முப்பதாண்டுக் காயம் புரையோடியிருந்தது. சலீமின் கடிதத்தைத் துரோகம் என்று வெகுளும் பெரியவர்களை நாம் அறிவோம். அவர்தம் வேதனை நமக்குப் புரிகிறது; தீர்ப்பு மட்டும் உடன்பாடன்று. தம் நாட்டில் நுழைந்தவனைத் தம் நண்பரின் நண்பன் என்று எவ்வரசர்தாம் ஏற்பார்? திப்புவும் அறிவுரைக்கு இணங்கித் தம் நிலை மாறினாரல்லர். அவர் அறிந்த வரலாற்றில் வாக்குத் தவறியவர் ஆங்கிலேயரே.

1799 மே 4-ஆம் நாள் திப்பு போர்க்களத்தில் வீழ்ந்தார். கோவை கும்பினியார் வசமாயிற்று. துருக்கி சுல்தான் நட்புக்குரியவராகக் கண்ட அதே ஆங்கிலேயரை, திப்புவின் பக்கம் நின்ற கொங்குப் பாளையக்காரர் தீரன் சின்னமலை ஓடாநிலையிலிருந்து மேலும் சில ஆண்டுகள் எதிர்த்து நின்றார். 1805-இல் சங்ககிரியில் அவரைத் தூக்கிலிட்டனர்.