பத்துக்கு எத்தனை?

அறிவுரை சொல்லும் வேலை என்று நினைத்துத்தான் குடிநோய் வார்டில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஆரம்பத்தில் பேச்சுக்கே இடமில்லை. கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்ப்பது, வியர்க்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது, இன்று என்ன கிழமை என்று கேட்பது, எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவது. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், சுவரில் இல்லாத பூச்சி ஊரலாம், உயிரேகூடப் போகலாம். அதனால் டையாசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன், “தயமின் ஊசி போட்டாச்சா?” என்று சீனியர் மேடம் ஒருமுறைகூடக் கேட்காமல் விட்டதில்லை. அந்த வைட்டமின் குறைந்தால் மூளை பாதிக்கப்படும். அறையில் பூட்டிவைத்துத் திருத்துகிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

உடம்பு தேறிய பிறகுதான் பேச்சு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை அது. லோடு ஆட்டோ ஓட்டுகிற ஒருவரிடம் மேடம் பேசியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“குடியை விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்ணே? பத்துக்கு எத்தனை போடுவீங்க?”

“நாலு போடலாம் மேடம்.”

“ரெண்டு போடலையே, ஏன்?”

ஏன் எட்டு இல்லை என்று கேட்டிருந்தால் குடிப்பதற்கான காரணங்களை அடுக்கியிருப்பார். இந்தக் கேள்விக்கோ, மகள் தன் வண்டியில் ஏறப் பயப்படுவதைச் சொன்னார். சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருந்த கதையையும் மேடம் கேட்டு வாங்கினார். டாஸ்மாக் இல்லாத தெரு வழியாக வீடு திரும்பியது, கூட்டாளிகளுக்குச் சொன்ன பதில், எல்லாம் அவரிடமே இருந்தது. நம் ஊரில் அறிவுரைக்கா பஞ்சம்? இப்படிக் கேட்கத்தான் ஆள் இல்லை.

இதற்குப் பெரிய படிப்பும் தேவையில்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பழக்கி இதுபோலப் பேசவைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இந்தப் பேச்சும் கிடைத்தவர்களில் அதிகம் பேர் குடிக்காமல் இருந்தார்கள். 2017இல் லான்செட் இதழில் அந்த முடிவு வெளியானது.

வீட்டுப் பெண்கள் தவறாமல் கேட்பது இன்னொன்று: “தெரியாம சோத்துல கலந்து குடுக்குற மாத்திரை இருக்காமே?” டைசல்பிராமைத்தான் சொல்கிறார்கள். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து எடுக்கவேண்டிய மருந்து அது. குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்றவையும் உண்டு. எதுவானாலும் டாக்டரைக் கேட்டுத்தான்.

தினமும் குடிப்பவரை நாளையே நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். விவரம் கேட்க 14446க்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. வீட்டார் பேசினாலும் போதும்.